மூடிய வீடு வேர்த்த கதை: குளுகோரில் இரண்டு விடுமுறைகள்

அக்கா குடும்பம் திருச்சியிலிருந்து திரும்பியது 2024 ஜூன் நடுவில், ஒரு மாலை நேரம். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போன ஐந்தாவது நிமிடம் எனக்குப் போன் வந்துவிட்டது.

"தம்பி, கதவத் தொறந்தா நனைஞ்ச கோணிச்சாக்கு வாடை அடிக்குதுடா. ஏர்கோனப் போட்டேன், மெத்தைமேல தண்ணி கொட்டுது. கருப்பு கருப்பா என்னமோ வேற பறக்குது."

"அணைச்சிடுக்கா. ஜன்னலத் தொறந்து வையி. வர்றேன்."

நான் இருப்பது மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில். அங்கிருந்து அக்கா வீடு இருக்கும் குளுகோருக்குப் பத்து நிமிடம். வீட்டில் என்ன ஆகியிருக்கும் என்ற கவலையைவிட, யார் பேச்சைக் கேட்டு அப்படி ஆனது என்பதுதான் வழியெல்லாம் உறுத்திக்கொண்டே வந்தது. அவர்கள் கிளம்பிய விடியற்காலையில் போனில் கடைசியாக யோசனை சொன்னவன் நான்.

பினாங்கில் பத்தொன்பது வருடமாக ஏர்கோன் (ஏசி) வேலை செய்கிறேன். ஒவ்வொரு நீண்ட விடுமுறை முடிந்ததும் இதே புகாரோடு நாலைந்து வீடுகள் கூப்பிடும். போவேன், கழுவுவேன், காசு வாங்கிக்கொண்டு வருவேன். ஊருக்குக் கிளம்பும்போது அந்த வீட்டில் எதை எப்போது அணைத்தார்கள், எதைத் திறந்து வைத்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் சரியாக நினைவிருக்காது. அக்கா வீட்டில் அது நிமிடக் கணக்கில் எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுவதற்கு இந்த ஒரு வீட்டை எடுத்துக்கொண்டேன்.

வீடும் இயந்திரங்களும்

பினாங்குப் பாலத்தின் பக்கம் கடலைப் பார்த்த அடுக்குமாடி, பதினோராம் மாடி. மூன்று படுக்கையறை, ஒரு கூடம். பெரிய அறையில் 1.5 எச்பி இன்வெர்ட்டர் ஏர்கோன், ஆர்32 கேஸ், 2021இல் நானே மாட்டியது. பிள்ளைகள் அறையில் 1 எச்பி பழைய மாடல். கூடத்தில் 2 எச்பி, விருந்தாளி வந்தால்தான் ஓடும். மூன்றாவது அறை துணி மடிக்கும் அறை, அதில் காற்றாடி மட்டும்.

சூடாக்குவதற்கென்று நம் ஊர் வீட்டில் இருப்பது குளியலறை ஹீட்டர் மட்டும்தான். குளிர்நாட்டுக்காரர்கள் விடுமுறைக்குப் போகுமுன் வீட்டை எத்தனை டிகிரியில் விட்டுப் போவது, குழாய் உறைந்து வெடிக்குமா என்றெல்லாம் யோசிப்பார்கள். நமக்கு வருடம் முழுக்கப் பகலில் 31, 32 டிகிரி, இரவில் 24, 25. இந்த வெப்பம் பூட்டிய வீட்டை ஒன்றும் செய்யாது. ஈரம்தான் செய்யும். ஆனால் கிளம்பும் அவசரத்தில் நாம் எல்லோரும் யோசிப்பது கரண்டு பில்லைப் பற்றியும் தீ விபத்தைப் பற்றியும்தான். நானும் அப்படித்தான் யோசித்தேன்.

அன்று மாலை கண்டது

முதலில் கண்ணில் பட்டது ஏர்கோனின் மூடி. காற்று வெளிவரும் அந்தத் தகடு பாதி திறந்தபடி நின்றிருந்தது. அணைத்த ஏர்கோன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். 23 நாளாக அது அப்படியேதான் நின்றிருக்கிறது என்பது ஓரத்தில் படிந்த தூசியில் தெரிந்தது. இது ஏன் முக்கியம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. பழுது என்று நினைத்துக்கொண்டேன்.

டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் உருளை விசிறியின் ஒவ்வொரு இதழிலும் கருப்புப் பூசணம், ஆட்டுக்குடலைக் கழுவாமல் வைத்தது போல ஒரு பளபளப்பு. கீழ்த்தட்டில் ஜெல்லி. ஏர்கோன் பழுது பார்ப்பவர்கள் எல்லோருக்கும் இந்த ஜெல்லியைத் தெரியும். தட்டில் தேங்கும் நீரில் தூசியும் கிருமியும் சேர்ந்து கட்டும் கொழகொழப்பு. ஏர்கோன் தினமும் ஓடும்போது வடியும் நீரே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டு போய்விடும். ஓட்டம் நின்றால் அது வடிகுழாயின் வாயில் இறுகி அடைப்பாகிவிடும். மறுபடி போட்டதும் நீர் போக வழியில்லாமல் மெத்தையில் கொட்டியது.

அறையைச் சுற்றிப் பார்த்தேன். அலமாரியின் பின்பலகையில் சாம்பல் நிறப் பூப்பூவாகப் பூசணம். அக்காவின் பட்டுச் சேலைகள் தப்பித்துவிட்டன, துணிப்பைக்குள் இருந்ததால். மாமாவின் இரண்டு பெல்ட்டும் தோல் செருப்பும் வெள்ளைத் தூள் பூசியது போல. மிருதங்கம்தான் மாமாவை உட்கார வைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை பஜனைக்கு வாசிக்கிறவர். உறையை அவிழ்த்தால் வலந்தலைத் தோலில் (வலப்பக்கத் தோல்), நடுவில் பூசிய கருப்புச் சோற்றைச் சுற்றி, பச்சையாக ஒரு வட்டம். அவர் ஒன்றும் பேசவில்லை. வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரிட்ஜும் போச்சு. மெயினை அணைக்கிறோமே என்று அதைக் காலி செய்து துடைத்து, கதவை நன்றாகச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அணைத்த பிரிட்ஜின் கதவு திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அதற்குள்ளேயே ஒரு தோட்டம் வளர்ந்துவிடும்.

கூடம் மட்டும் ஓரளவு நன்றாக இருந்தது. இதுதான் எனக்கு முதல் துப்பு. ஒரே வீடு, ஒரே 23 நாள், ஒரே பூட்டு. மழை நீர் எங்கும் உள்ளே வரவில்லை. கூடம் தப்பியது, படுக்கையறை கெட்டது. கிளம்பிய இரவு ஏர்கோன் ஓடிய அறைகள் மட்டுமே கெட்டிருந்தன.

கடைசி இரவு

விடியற்காலை விமானம். முந்தின நாள் முழுக்கப் பெட்டி கட்டிய களைப்பில், இனி கத்திரி வெயில் ஊருக்குத்தானே போகிறோம், கடைசியாக ஒருமுறை நன்றாகக் குளிரில் தூங்குவோம் என்று இரண்டு அறையிலும் 18இல் வைத்துப் படுத்திருக்கிறார்கள். நாலரைக்கு எழுந்து ஏர்கோனை அணைத்தார்கள். பெட்டிகளை வெளியே இழுக்க வாசல் கதவும் அறைக் கதவுகளும் இருபது நிமிடம் விரியத் திறந்து கிடந்தன. நாலே முக்காலுக்கு அக்கா எனக்குப் போன்.

"தம்பி, ரிமோட்ல அணைச்சிட்டேன், ஆனா காத்து வந்துகிட்டே இருக்கு, மூடியும் மூடல. ரிப்பேரா?"

தூக்கக் கலக்கத்தில் நான் சொன்னது: "அது ஒண்ணுமில்லக்கா. மெயின இறக்கிடு, நின்னுரும்."

நின்றுவிட்டது. மூடி பாதி திறந்தபடியே நின்றது. அந்த மாடலில் அணைத்த பிறகு உள்விசிறி கொஞ்ச நேரம் தானாகவே ஓடும், காயிலில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருள்) ஒட்டியிருக்கும் நீரை உலர்த்துவதற்காக. அது முடிந்துதான் மூடி மூடும். மாட்டிய நானே அந்த வசதியை அக்காவிடம் காட்டிப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். உலர ஆரம்பித்த இயந்திரத்தின் கழுத்தை நெரிக்கச் சொன்னதும் நான்தான்.

செய்து பார்த்த சோதனை

சும்மா ஊகத்தில் இதைச் சொல்ல விருப்பமில்லை. கழுவி முடித்து, மெத்தையை மாற்றி, எல்லாம் சரியான பிறகு, ஜூலையில் அக்காவைக் கெஞ்சி இரண்டு இரவு அந்த அறையை வாங்கிக்கொண்டேன். 22 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு சின்ன ஈரமானி வாங்கினேன். கைக்கடிகாரம் அளவில், வெப்பமும் ஈரப்பதமும் காட்டுவது.

முதல் இரவு அவர்கள் செய்ததையே செய்தேன். 18இல் விடிய விடிய. நாலரைக்கு அறையில் 21 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு. ரிமோட்டில் அணைத்து, கதவுகளை இருபது நிமிடம் திறந்து வைத்து, ஏர்கோன் பிரேக்கரை இறக்கி, எல்லாவற்றையும் மூடினேன். கூடத்தில் உட்கார்ந்து கோப்பி குடித்துவிட்டு ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தால் 92. வெறுங்காலை வைத்தால் தரை வேர்த்திருந்தது. அலமாரியைச் சற்று நகர்த்திப் பின்னால் கை விட்டேன், சுவர் ஈரப்பதத்தோடு சில்லென்று இருந்தது.

இரண்டாம் இரவும் அதே 18, அதே நாலரை. ஆனால் அணைத்ததும் உள்விசிறியை அதன் போக்கில் ஓடவிட்டு, ஜன்னலைக் கையகலம் திறந்து, மேல் காற்றாடியையும் போட்டேன். மூடி தானாக மூடிய பிறகு பிரேக்கரை இறக்கினேன். ஏழு மணிக்கு 81. நல்லதுதான், ஆனால் நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. காயிலை உலர்த்தினால் போதும் என்ற என் கணக்கில் பாதிதான் சரி.

ஈரத்தின் கணக்கு

அந்த அறை 3.6 மீட்டர் நீளம், 3.3 அகலம், 2.8 உயரம், சுமார் 33 கன மீட்டர் காற்று. 21 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 18 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஆக அந்த அறைக் காற்றின் மொத்தக் கொள்ளளவு சுமார் 600 கிராம். 60 விழுக்காட்டில் அதில் ஏற்கெனவே 360 கிராம் இருக்கிறது. மிச்ச இடம் 240. 1.5 எச்பி இயந்திரத்தின் காயிலிலும் தட்டிலும் அணைக்கும் நேரத்தில் கால் லிட்டருக்கு மேல் நீர் நிற்கும், இது கழற்றிக் கொட்டிப் பார்த்த அனுபவம். அந்த நீர் வெளியே போகாமல் அறைக்குள்ளேயே ஆவியானால், காற்று நிறைந்து வழிகிறது. வழிவது எங்கே? குளிர்ந்த சுவரில், தரையில், மெத்தையின் அடியில்.

இது ஒரு பாதி. வாசல் கதவு வழியாக வந்தது மறுபாதி. விடியற்காலை ஐந்து மணிக்குப் பினாங்குக் காற்று 25 டிகிரியில் கிட்டத்தட்ட முழு ஈரத்தோடு இருக்கும். அந்தக் காற்று 24 டிகிரிக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் வேர்க்கும். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வேர்ப்பது போலத்தான். ஆனால் இங்கே டம்ளர் என்பது இரவு முழுக்க 21 டிகிரிக்குக் குளிர்ந்த செங்கல் சுவர். காற்று சீக்கிரம் சூடாகிவிடும், சுவர் சூடாகப் பகல் வேண்டும். இரண்டாம் இரவில் 81இல் நின்றதற்குக் காரணம் இதுதான். விசிறி காயிலை உலர்த்தியது, ஜன்னல் அதைவிட ஈரமான காற்றை உள்ளே விட்டது.

பூசணத்துக்கு ஈரப்பதம் 70ஐத் தாண்டி நிலையாக நின்றாலே போதும், மரப்பலகையும் தோலும் தூசியும் அதற்குச் சாப்பாடு. ஆள் குடியிருக்கும் வீட்டில் கதவு திறக்கும், காற்றாடி சுற்றும், பகலில் வெயில் படும். பூட்டிய வீட்டில் முதல் நாள் வேர்த்தது வெளியேற வழியில்லாமல் பலகையிலும் மெத்தையிலும் ஊறி, பகலில் கொஞ்சம் எழும்பி, இரவில் மறுபடி இறங்கும். 23 நாளும் இதே கூத்து.

வாடைக்கு இன்னொரு காரணம்

எல்லாம் கழுவிய பிறகும் பிள்ளைகள் அறையில் ஒரு புளித்த வாடை போகவில்லை. காயிலை இரண்டாம் முறை கழுவினேன், அப்போதும் வந்தது. கடைசியில் வடிகுழாயின் முனையில் மூக்கை வைத்தேன். சாக்கடை வாடை.

இந்தக் கட்டடத்தில் ஏர்கோன் வடிகுழாய் சுவருக்குள் ஓடிக் குளியலறைத் தரைக்குழியில் சேர்கிறது. குழிக்கடியில் வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் நீர் நிற்கும். அந்த நீர்தான் சாக்கடைக் காற்றுக்குத் தடுப்பு. மூன்று வாரம் யாரும் குளிக்காவிட்டால், அதிகம் புழங்காத குளியலறையில் அந்த நீர் வற்றிவிடும். பிறகு கரப்பான் ஏறும், வாடை ஏறும், அது வடிகுழாய் வழியாகப் படுக்கையறை ஏர்கோன் வரைக்கும் வரும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். அன்றே போய்விட்டது. இதற்காக இரண்டு தடவை கெமிக்கல் வாஷ் செய்திருக்கிறேன் என்பதை என் தொழிலாள் தம்பியிடம் சொல்லவில்லை.

இரண்டாம் பயணம்: 2025

அடுத்த மே மாதம் மறுபடி திருச்சி, இந்த முறை 21 நாள். அக்கா முதலிலேயே சொல்லிவிட்டாள், "போன்ல சொல்ற வேலையெல்லாம் வேணாம், நேர்ல வா."

மாமாவுக்கு ஒரு யோசனை இருந்தது. ஏர்கோனை 28இல் வைத்து ஓடவிட்டே போய்விடலாமே? செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். சராசரி 300 வாட் என்று வைத்தால் 21 நாளுக்குச் சுமார் 150 யூனிட். ஆளில்லாத வீட்டில் பிரிட்ஜையும் சேர்த்து மொத்தம் 200 யூனிட்டைத் தாண்டாது, அப்போதைய தெனாகா (மின்சார நிறுவனம்) கட்டணத்தில் முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென் (2025 ஜூலையில் கட்டண முறையே மாறிவிட்டது). ஆக 33 வெள்ளி. ஒரு மெத்தை விலையை நினைத்தால் காசு பெரிதில்லை.

நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் வேறு. 28இல் வைத்த இன்வெர்ட்டர், அறை 28ஐத் தொட்டதும் கம்பிரஸரை மிகக் குறைத்துவிடும். காயில் போதுமான அளவு குளிராது, குளிராத காயிலில் ஈரம் இறங்காது. காற்று மட்டும் சுற்றும், ஈரம் அப்படியே இருக்கும். தவிர, அந்த மூன்று வாரத்தில் வடிகுழாய் அடைத்தால் பார்க்க ஆள் இல்லை. மே மாதப் பிற்பகல் இடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பல்லிக் கதை ஒன்றும் உண்டு: வெளி யூனிட்டின் மின்பலகைக்குள் சூட்டுக்குப் பல்லி புகுந்து இரண்டு முனையைச் சேர்த்துத் தொட்டால் பல்லியும் போச்சு, பலகையும் போச்சு. வருடத்துக்கு எத்தனை கருகிய பல்லியை எடுக்கிறேன் என்று கணக்கே இல்லை. ஆளில்லாத வீட்டில் ஏர்கோன் பிரேக்கர் கீழே இருப்பதுதான் நல்லது.

சர்வீஸைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே முடித்தேன். பலரும் கிளம்பும் முந்தின நாள் கூப்பிடுவார்கள், அது வேண்டாம். கழுவிய இயந்திரம் உள்ளே ஈரமாக இருக்கும். தட்டைத் திரும்ப மாட்டியதில் ஏதாவது கோணல் இருந்தால் இரண்டு மூன்று இரவு ஓடிய பிறகுதான் சொட்டும். பெரிய அறைக்குக் கெமிக்கல் வாஷ், மற்ற இரண்டுக்கும் சாதாரண சர்வீஸ். வடிகுழாயில் தண்ணீர் ஊற்றி, குளியலறைக் குழியில் அது வந்து விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகே மூடினேன். வெளி யூனிட்டின் தகடுகளில் கடல் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது, நல்ல தண்ணீரில் கழுவிவிட்டேன்.

கிளம்பும் முந்தின நாள்தான் உண்மையான வேலை. விடியற்காலையில் உலர்த்தினால் பயனில்லை என்பது ஜூலைச் சோதனையில் தெரிந்துவிட்டது. பிற்பகல் இரண்டு மணிக்குப் போனேன். அந்த நேரத்தில் வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 64. இரண்டு படுக்கையறையிலும் ஏர்கோனை உலர் முறையில் ஒரு மணி நேரம் ஓட்டி, பிறகு விசிறி மட்டும் இரண்டு மணி நேரம், ஜன்னலும் கதவும் விரியத் திறந்து. பிள்ளைகள் அறை இயந்திரம் பழையது, அதற்குத் தானாக உலரும் வசதி இல்லை. அதனால் விசிறி முறையை ரிமோட்டில் நாமே போட வேண்டும். அலமாரிகளைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, கதவுகளைத் திறந்து வைத்தோம். மெத்தையைக் கட்டிலிலிருந்து எடுத்துச் சுவரில் சாய்த்தோம். ஐந்து மணிக்கு இரண்டு அறைக்கும் பிரேக்கரை இறக்கி, "இனி இங்க யாரும் படுக்கக் கூடாது" என்றேன்.

"கடைசி ராத்திரி வேர்வையிலதான் படுக்கணுமா?" மாமாவுக்குக் கோபம்.

கூடத்தில் படுக்கலாம் என்று சமாதானம் ஆனது. அங்கே ஏர்கோன் 26இல், விடியற்காலை மூன்றரைக்குத் தானாக அணையும்படி டைமர். அவர்கள் ஐந்துக்குக் கிளம்பும்போது அதன் உள்விசிறி உலர்த்தி முடித்து மூடியும் மூடியிருந்தது. அக்கா அதைப் போட்டோ எடுத்து அனுப்பினாள், கீழே ஒரு வரியும் எழுதாமல்.

ஈரம் உறிஞ்சும் டப்பாக்களை அலமாரிக்குள் மட்டும் வைத்தோம், ஆறு டப்பா. மூடிய சின்ன இடத்தில் அவை வேலை செய்யும். அறை நடுவில் வைப்பது கடலில் ஸ்பூன் போடுவது மாதிரி. மிருதங்கத்தை மாமா பஜனை மண்டலியில் கொடுத்து வைத்தார், தினமும் யாராவது வாசிப்பார்கள் என்று.

ஹீட்டர் விஷயம் சின்னது. பொதுக் குளியலறையில் உடனடிச் சூடாக்கி, சுவிட்சை அணைத்தால் போதும். பெரிய அறைக் குளியலறையில் மேற்கூரைக்குள் டேங்க் ஹீட்டர். அதை அணைத்து, வீட்டின் மெயின் தண்ணீர் வால்வையும் மூடினோம். திரும்பி வந்ததும் அந்த டேங்க்கின் நீரில் உடனே குளிக்கக் கூடாது. மூன்று வாரம் வெதுவெதுப்பாக நின்ற நீரில் லெஜியோனெல்லா போன்ற கிருமி வளரலாம். 60 டிகிரிக்குச் சூடாக்கி, குழாயை நன்றாகத் திறந்துவிட்டு, அந்த நீரை ஆவியை முகர்ந்துகொண்டு நிற்காமல் போகவிட வேண்டும். ஹீட்டர் லைனின் ஈஎல்சிபி (மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் சுவிட்ச்) இங்கே 10 மில்லி ஆம்பியரில் விழுவதாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன், டக்கென்று விழுந்தது.

தரைக்குழி ஒவ்வொன்றிலும் ஒரு வாளித் தண்ணீரும் மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெயும். எண்ணெய் மிதந்து நின்றால் நீர் சீக்கிரம் ஆவியாகாது.

பிரிட்ஜை இந்த முறை அணைக்கவில்லை. டிபி பெட்டியில் எந்தப் பிரேக்கர் எதற்கு என்று எழுதி ஒட்டியிருந்ததால், பிரிட்ஜ் லைனையும் காற்றாடி லைனையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதை இறக்குவது எளிதாக இருந்தது. எழுதி ஒட்டாத வீடுகளில் ஒவ்வொன்றாக இறக்கி "இப்ப எது அணைஞ்சுது" என்று கத்திக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். வாயர்மேன் வரும் நாளில் ஒரு மார்க்கர் பேனாவைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

ஆளில்லாத 21 நாள்

அக்கா வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு சீன ஆன்ட்டி, ஹொக்கியனும் அரைகுறை மலாயும் பேசுவார். வார நாள் பிற்பகலில் நான் யாருடைய கூரைமேலாவது இருப்பேன் என்பதால், சாவி அவரிடமும் ஒன்று. ஐந்து நாளுக்கு ஒரு முறை, வெயில் நேரத்தில் வந்து ஒரு மணி நேரம் ஜன்னலைத் திறந்து மேல் காற்றாடியைப் போட்டு, ஈரமானி காட்டும் எண்ணைக் காலண்டரில் எழுதிவிட்டுப் போவது. கூலி: திருச்சி முறுக்கு.

காலண்டரில் இருந்த எண்கள் 71, 69, 78, 72. முந்தின வருடம் அக்கா திரும்பிய அன்று அளந்திருந்தால் என்ன காட்டியிருக்கும் என்று தெரியாது, நான் ஈரமானி வாங்கியதே பிறகுதான். 78 எழுதிய நாள் பதினோராம் நாள். முந்தின இரவு பெரிய இடி. ஆன்ட்டி உள்ளே வந்தால் பிரிட்ஜ் இருட்டு. எனக்குப் போன் போட்டார். ஈஎல்சிபி விழுந்திருந்தது. எந்தக் கைப்பிடியை மேலே தள்ளுவது என்று சொன்னேன், தள்ளினார், மறுபடி விழாமல் நின்றது. உறைபெட்டியில் இருந்த மீன் பாதி இளகிவிட்டது, அதைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டேன். நல்ல வஞ்சிரம். ஆன்ட்டிக்கு மனசே இல்லை.

ஜூன் முதல் வாரம் திரும்பி வந்தார்கள். முதல் ஒரு மணி நேரம் ஜன்னல், பிறகு விசிறி முறை, பிறகுதான் குளிர். தண்ணீர் கொட்டவில்லை, கருப்பு பறக்கவில்லை. அலமாரி டப்பாக்களில் பாதி அளவு நீர். பிள்ளைகள் அறை ரிமோட்டில் பேட்டரி கழற்ற மறந்துபோய், அது கசிந்து ரிமோட் கெட்டிருந்தது. புது ரிமோட் 35 வெள்ளி.

ஒன்று மட்டும் சரியாகவில்லை. பிள்ளைகள் அறையில் கட்டில் தலைமாட்டுக்குப் பின்னால், சுவரில் ஒரு தோசையளவு பூசணம். அதே அறையில் வேறெங்கும் இல்லை. ஈரமானியை அங்கேயே வைத்துப் பார்த்தால் மற்ற இடத்தைப் போலத்தான் காட்டியது. அறைக் காற்றில் குற்றமில்லை என்றால் சுவருக்குள் குற்றம். கேஸ் குழாய் அந்த வழியாகத்தான் வெளி யூனிட்டுக்குப் போகிறது. சிமெண்டைக் கொத்திப் பார்த்தேன். இரண்டு குழாய் சேரும் இடத்தில் ஒரு முழம் நீளத்துக்குக் கருப்பு உறையே இல்லை, வெறும் செம்பு. கட்டடம் கட்டிய காலத்தில் யாரோ விட்டுப்போனது. ஏர்கோன் ஓடும் ஒவ்வொரு இரவும் அந்தச் செம்பு சுவருக்குள் வேர்த்திருக்கிறது. பகலில் காற்றாடியும் வெயிலும் அதைக் காயவைத்ததால் இத்தனை வருடம் யார் கண்ணிலும் படவில்லை.

உறை போட்டு, டேப் சுற்றி, பூசி மூடினேன். பூச்சு காய்ந்த பிறகு, பழைய கறையின் விளிம்பில் இன்னும் தெரிந்த இடத்தைச் சுற்றி பென்சிலால் கோடு போட்டுத் தேதியும் எழுதிவிட்டு வந்தேன். செப்டம்பரில் போய்க் கட்டிலை இழுத்துப் பார்த்தேன். கறை கோட்டைத் தாண்டவில்லை. பெயிண்ட் அடிக்கலாமா என்று அக்கா கேட்டாள். டிசம்பர் வரைக்கும் பொறு, மழைக்காலம் போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.